சும்மா போட்ட ஏழு மணி: ஓர் இறுதியாண்டு ப்ராஜெக்ட்டின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

கோவைப் பக்கம் ஒரு தன்னாட்சிப் பொறியியல் கல்லூரி. 2023–24 கல்வியாண்டு. இசிஇ (மின்னணு, தொடர்பியல் பொறியியல்) இறுதியாண்டில் படித்த நான்கு பேர், இரண்டு பையன்களும் இரண்டு பெண்களும், ப்ராஜெக்ட்டுக்கு என்னைக் கைடாகக் கேட்டு வந்தார்கள். தலைப்பை அவர்களே கையோடு கொண்டுவந்திருந்தார்கள்: வளாகத் தூய்மைப் பணியாளர்களுக்கான கைரேகை வருகைப் பதிவுக் கருவி.

தலைப்பு கல்லூரியில் வளாகப் பராமரிப்பைப் பார்க்கும் எஸ்டேட் ஆபீசிலிருந்து வந்தது. தூய்மைப் பணியாளர்கள் 26 பேர், பெரும்பாலும் பெண்கள், ஒரு காண்ட்ராக்டரின் கீழ் வேலை செய்தார்கள். சூப்பர்வைசர் ஒரு நீள நோட்டில் டிக் போடுவார். அந்த டிக்குகளின் எண்ணிக்கையும் வளாகத்தில் கண்ணுக்குத் தெரியும் ஆட்களின் எண்ணிக்கையும் ஒத்துப்போகவில்லை என்று ஆபீசுக்கு ஒரு சந்தேகம். வராத ஆளுக்குக் காண்ட்ராக்டர் கணக்கு எழுதுகிறாரோ என்பதுதான் அது. அதைப் பிடிக்க ஒரு மெஷின் வேண்டும் என்றார்கள்.

கருவியில் புதுமை ஒன்றும் இல்லை. ஆர்307 கைரேகை சென்சார், எல்லாவற்றையும் இயக்க ஈஎஸ்பி32 என்ற சின்ன கன்ட்ரோலர் போர்டு, நேரம் காட்ட டிஎஸ்3231, விரல் அகலத்துக்கு ஓர் ஓஎல்இடி திரை, பச்சை, சிவப்பு விளக்குகள், ஒரு பஸ்ஸர். பதிவு வைஃபை வழியாக கூகுள் ஷீட்டுக்குப் போகும். இதை வருஷத்துக்கு இரண்டு அணியாவது செய்யும். நானும் பத்து நிமிஷத்தில் ஒத்துக்கொண்டேன். அந்தப் பத்து நிமிஷத்தைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

மாணவர்கள் முதலில் எழுதிக் கொடுத்தது

என் கீழ் ப்ராஜெக்ட் செய்பவர்களிடம் ஜீரோத் ரிவ்யூவுக்கு, அதாவது தலைப்பை ஏற்கும் முதல் கூட்டத்துக்கு, முன் ஒரு கேள்வி கேட்பேன்: உங்கள் ப்ராஜெக்ட்டில் விழுமியம், அறம் என்று எதாவது வருகிறதா, வந்தால் எங்கே? அரைப் பக்கம், கையால் எழுத வேண்டும். நான்கு தாள்களும் இன்னும் என்னிடம் இருக்கின்றன.

முதலாவது தாளில், ரிப்போர்ட்டைக் காப்பி அடிக்க மாட்டோம் என்று இருந்தது. இரண்டாவதில், மின்சாரம் கம்மியாக எடுக்கும் போர்டு, அதனால் சுற்றுச்சூழலுக்கு நல்லது. மூன்றாவது, கோடிங் எழுதிய பையனுடையது: "இது ஏமாற்றைத் தடுக்கும் கருவி. எனவே ப்ராஜெக்ட்டே அறம் சார்ந்தது." நான்காவது தாளில் அந்தப் பெண் இரண்டு வரி எழுதி அடித்துவிட்டு, "இதில் அப்படி எதுவும் இல்லை, இது டெக்னிகல் ப்ராஜெக்ட்" என்று முடித்திருந்தாள். எனக்கு அதுதான் நேர்மையான பதிலாகப் பட்டது.

நான்கு பேரும் பொறியியல் நெறிமுறைப் பாடத்தைப் படித்துப் பாஸானவர்கள். சேலஞ்சர் விண்வெளி ஓடம் 1986இல் ஏன் வெடித்தது என்று கேட்டால் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம், குளிர், எச்சரித்த இன்ஜினியர்கள் என்று மூச்சுவிடாமல் சொல்வார்கள். போபால் தெரியும், செர்னோபில் தெரியும். அறம் என்பது எங்கோ தூரத்தில், ஏழு பேரோ ஆயிரக்கணக்கானோரோ செத்தால்தான் கிளம்பும் விஷயம் என்று அவர்களுக்குள் பதிந்திருந்தது. அது இல்லையென்றால் பிட் அடிக்காமல் இருப்பது. நடுவில் ஒன்றும் கிடையாது. மேஜைமேல் இருக்கும் சர்க்யூட்டுக்கும் அதற்கும் சம்பந்தம் இருக்கலாம் என்று யாரும் அவர்களிடம் சொன்னதில்லை. நானும் சொல்லவில்லை.

ஆசிரியர்கள் பக்கமும் கொஞ்சம் பார்க்கலாம். பொறியியல் பட்டங்களை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்கும் வாஷிங்டன் ஒப்பந்தத்தில் 2014இல் இந்தியா முழு உறுப்பினர் ஆனதிலிருந்து, தேசிய அங்கீகார வாரியத்தின் பிஓக்கள் (படிப்பு முடிக்கும் மாணவரிடம் இருக்க வேண்டிய திறன்கள்) எங்கள் நித்தியக் கடன். அப்போது அவை பன்னிரண்டு. ஆறாவது, பொறியாளரும் சமூகமும். எட்டாவது, அறம். ஒவ்வொரு ப்ராஜெக்ட்டுக்கும் பிஓ மேப்பிங் அட்டவணையில் ஒன்று, இரண்டு, மூன்று என்று மதிப்புப் போட வேண்டும். இந்த அணி எட்டாவது கட்டத்தில் மூன்று போட்டிருந்தது. ஏன் மூன்று என்று கேட்டேன். "போன வருஷ ரிப்போர்ட்டில் மூன்று இருந்தது மேடம்." கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

லேபில் நடந்தது

ஃபர்ஸ்ட் ரிவ்யூவுக்குள் கருவி வேலை செய்தது. வகுப்பு நண்பர்கள் இருபது பேரின் விரலைப் பதிந்து சோதித்தார்கள். எல்லாம் இருபது, இருபத்தொரு வயது விரல்கள். ஒன்றிரண்டு தவிர எல்லாம் முதல் தடவையிலேயே பச்சை. பேனலில் கைதட்டல்.

அந்தக் கட்டத்தில் கோடுக்குள் மூன்று விஷயங்கள் போய் உட்கார்ந்துகொண்டன. அப்போது என் கண்ணிலும் படவில்லை.

முதலாவது, பாதுகாப்பு நிலை. ஆர்307இல் இதை 1 முதல் 5 வரை வைக்கலாம். 1இல் வைத்தால் வேறொருவர் விரலை உரியவர் என்று ஏற்றுவிடும் வாய்ப்பு கூடும், உரியவரைத் தள்ளிவிடும் வாய்ப்பு குறையும். 5இல் அப்படியே தலைகீழ். பையன் 5 வைத்திருந்தான். செக்யூரிட்டி அதிகமாக இருந்தால் நல்லதுதானே என்பது அவன் கணக்கு.

இரண்டாவது, பஸ்ஸர். ரேகை பொருந்தாவிட்டால் சிவப்பு விளக்கு, திரையில் "இன்வேலிட் யூசர்", கூடவே இரண்டு விநாடி நீளமாக அலறல். டெமோவில் அது எடுப்பாக இருந்தது.

மூன்றாவது ஒரே ஒரு வரி. மணி ஏழு ஆகிவிட்டதா என்று பார்த்து, ஆகியிருந்தால் ஷீட்டில் பெயருக்கு நேராக ஹெச் என்று எழுதும். ஹெச் என்றால் ஹாஃப் டே.

வாசலில் காலை ஆறே முக்கால்

ஜனவரியில் கருவியை எஸ்டேட் ஆபீஸ் வாசலில் மாட்டினோம். நோட்டு அப்படியே இருக்கும், மெஷின் சோதனைக்கு மட்டும் என்று பேச்சு. பதிவு எடுக்கிற நாள் நானும் போயிருந்தேன்.

26 பேரில் ஏழு பேருக்கு வலது கட்டைவிரல் பதியவே இல்லை. வரிசையில் ஐந்தாவதாக நின்றவர் ஐம்பத்தைந்து வயதுக்கு மேல் இருப்பார், கழிவறைப் பிரிவில் பல வருஷமாக இருப்பவர். விரலை வைத்தார். பஸ்ஸர் அலறியது. சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு மறுபடி வைத்தார். மறுபடி அலறல். லேப்டாப்பைப் பார்த்துக்கொண்டிருந்த பெண், "இமேஜ் டூ மெஸ்ஸின்னு வருது" என்றாள். விரல் படம் குழம்பலாக இருக்கிறது என்று சென்சாரின் மென்பொருள் சொல்லும் வாசகம் அது. பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். அந்த அம்மா சிரிக்கவில்லை.

"ரேஷன் கடையிலயும் இப்படித்தான் கண்ணு, மூணு வாட்டி நாலு வாட்டி வெக்கச் சொல்லுவாங்க. ப்ளீச்சிங்ல கிடக்கற கை. இதுல என்ன ரேகை இருக்கும்?" என்றவர், உள்ளங்கையை விரித்து அவளிடம் நீட்டினார்.

அவள் அந்தக் கையைப் பிடித்துக் கட்டைவிரலைத் தடவிப் பார்த்தாள். நானும் பார்த்தேன். நுனி வழவழவென்று, வேகவைத்த கிழங்கின் தோல் மாதிரி இருந்தது. ஓரத்தில் மட்டும் குறுக்கே இரண்டு வெடிப்பு.

காரணம் எங்கள் எல்லோருக்கும் பாடத்தில் தெரிந்ததுதான். இந்த வகை ஒளியியல் சென்சாரில் விரலின் மேடுகள் கண்ணாடியைத் தொடும் இடத்தில் ஒளி சிதறும், தொடாத பள்ளத்தில் முழுசாகத் திரும்பும். அந்த வித்தியாசம்தான் படம். மேடு தேய்ந்துபோனால் வித்தியாசம் கிடையாது. தோல் வறண்டால் கோடு துண்டு துண்டாக விழும், ஈரமாக இருந்தால் எல்லாம் ஒரே திட்டு. வயது, ப்ளீச்சிங் பவுடர், ஆசிட், ஈரம் என்று நான்கும் ஒரே கையில் சேர்ந்திருந்தன. இருபது வயது விரல்களை வைத்துச் சோதித்த எங்களுக்கு அது வராமல் போனதில் ஆச்சரியம் இல்லை.

மெஷின் என்னவோ இன்வேலிட் யூசர் என்றது அந்த அம்மாவைத்தான்.

முதல் வாரக் கடைசியில்

சென்சார் சிக்கலைத் தீர்த்துக்கொண்டிருந்தபோது பெரிய அடி வேறு பக்கத்திலிருந்து வந்தது.

பணியாளர்களில் பாதிப் பேர் ஒரே டவுன் பஸ்ஸில் வருவார்கள். அது ஏழு ஐந்துக்கோ ஏழு பத்துக்கோ கல்லூரி நிறுத்தத்தில் நிற்கும். சூப்பர்வைசருக்கு இது தெரியும், பஸ் வந்தபிறகுதான் நோட்டைத் திறப்பார். மெஷினுக்குத் தெரியாது. ஒரு வாரத்தில் ஷீட்டில் நிறைய ஹெச் சேர்ந்துவிட்டது. ஷீட்டின் லிங்க் எஸ்டேட் ஆபீஸில் இருந்தது, அங்கிருந்து காண்ட்ராக்டர் கைக்கும் போயிருக்கிறது. சனிக்கிழமை ஒரு பெண்ணுக்கு இரண்டு அரைநாள் கூலி பிடித்தம்.

திங்கள்கிழமை அந்தப் பெண் நேராக லேபுக்கே வந்துவிட்டார். கோடிங் பையனைப் பார்த்து, "தம்பி, நீங்க வெச்ச மெஷினு நான் லேட்டுன்னு சொல்லுச்சாமா. பஸ்ஸு லேட்டானா நான் என்ன சாமி பண்றது?" என்று கேட்டார். சத்தம் போடவில்லை. கேட்டுவிட்டு நின்றார்.

அவர் போனபிறகு, ஏழு மணிக்கு மேல் அரைநாள் என்று யார் சொன்னது என்று பையனிடம் கேட்டேன். ஆபீஸ் சொன்னது என்றான். ரெக்வயர்மென்ட் தாளை எடுத்துப் பார்த்தோம். "தாமதம் தெரிய வேண்டும்" என்று மட்டும்தான் இருந்தது. அரைநாள் என்ற சொல்லே அதில் இல்லை. ரொம்ப நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"மேடம், அது நான் சும்மா போட்டது."

எங்கோ பார்த்த ஒரு மாதிரிக் கோடில் அப்படி இருந்திருக்கிறது, எடுத்துப் போட்டிருக்கிறான். கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது. எண்ணமே கிடையாது என்பதுதான் விஷயம். ஒருவரின் அரைநாள் கூலியை முடிவு செய்கிறோம் என்று தெரியாமலே ஒருவன் அதை முடிவு செய்திருக்கிறான், அதுவும் ஒரு பின்னிரவில், ஹாஸ்டல் அறையில்.

அன்று மத்தியானமே எஸ்டேட் ஆபீசுக்குப் போய், சோதனைப் பதிவை வைத்துக் கூலி பிடித்தது தவறு என்று எழுதிக் கொடுத்தோம். அப்போதைய ஒப்பந்தத் தொழிலாளர் சட்டப்படி, காண்ட்ராக்டர் கூலி தராவிட்டால் வேலை வாங்கும் நிறுவனமும் பொறுப்பு. இதை நான் சொன்னதும் அதிகாரி கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார். பணம் அடுத்த வாரக் கூலியில் திரும்பி வந்தது. ஷீட்டின் லிங்க்கை அன்றே மூடினோம்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

அடுத்த இரண்டு வாரம் அணிக்குள் சண்டை. ஒருவிதத்தில் அந்த வருஷத்தின் சிறந்த வகுப்பு அதுதான், நான் பெரும்பாலும் வாயைத் திறக்கவில்லை.

ஏழு மணி வரியை எடுப்பதில் யாருக்கும் தயக்கம் இல்லை. கருவி வந்த நேரத்தை மட்டும் எழுதும், அது தாமதமா அரைநாளா என்பதை மனிதர் ஒருவர் பார்த்துச் சொல்வார். பஸ்ஸரும் போனது. பொருந்தினால் மட்டும் சின்னதாக ஒரு பீப். "இன்வேலிட் யூசர்" இருந்த இடத்தில் "மீண்டும் வைக்கவும்". ஓஎல்இடியில் தமிழ் எழுத்து நேராக ஏறாது, எழுத்து உடைந்து கொம்பும் காலும் தனித்தனியாகத் தொங்கும். அதனால் இரண்டு பெண்களும் சொற்களைப் படமாக வரைந்து ஏற்றினார்கள்.

ரிப்போர்ட்டில் படம் 4.3 என்று பணியாளர் ஒருவரின் கைரேகை அப்படியே பெரிதாகப் போடப்பட்டிருந்தது. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அந்த ஆகஸ்ட்டில்தான் நிறைவேறியிருந்தது. ஆனால் மாணவர்கள் படத்தை எடுத்தது சட்டத்துக்காக அல்ல. "உன் ரேகையைப் போட்டு லைப்ரரியில் வைக்கலாமா?" என்று ஒருத்தி கேட்டாள், கேட்டவுடனே எடுத்துவிட்டார்கள்.

பாதுகாப்பு நிலையில்தான் பிடிவாதம் முற்றியது. ஒரு தரப்பு, 1க்கு இறக்கிவிடலாம் என்றது. இன்னொரு தரப்பு, ஆள் மாறாட்டத்தைத் தடுக்கத்தானே மெஷினே, 1 வைத்தால் நோட்டே போதுமே என்றது. இரண்டும் நியாயம். அப்போது, முதல் தாளில் "அப்படி எதுவும் இல்லை" என்று எழுதிய பெண் கரும்பலகையில் இரண்டு கட்டம் வரைந்தாள். மெஷின் தப்பாக ஒருவரை உள்ளே விட்டால் யாருக்கு நஷ்டம்? கல்லூரிக்கு ஒருநாள் கூலி. தப்பாக ஒருவரை வெளியே தள்ளினால்? அந்த ஆளுக்கு ஒருநாள் கூலி. தொகை ஒன்றுதான், தாங்கும் தோள் வேறு. 5 என்று வைத்தபோது நாம் யார் பக்கம் நின்றோம் என்று கேட்டாள். அதைக் கேட்க எனக்குத் தோன்றவில்லை, அவள் கேட்டாள் என்பதை இங்கே எழுதி வைக்கிறேன்.

வழி பொறியியலிலிருந்தே வந்தது. 26 பேரின் பதிவோடும் ஒரு விரலை ஒப்பிடும்போது தவறுதலாக யாருடனாவது பொருந்திவிடும் வாய்ப்பு அதிகம். ஆள் முதலில் தன் எண்ணை அழுத்திவிட்டால், அவருடைய பதிவு ஒன்றோடு ஒப்பிட்டால் போதும், அந்த வாய்ப்பு வெகுவாகக் குறையும். ஆகவே ஒரு கீபேட் சேர்த்தார்கள். சாதாரணமாக நிலை 3, எண் அழுத்தி வருபவருக்கு 2. ஆனால் படமே விழாதவருக்கு எந்த நிலை வைத்தும் பயனில்லை. அவர்களுக்குப் பத்து விரலையும் முயன்று பார்த்தார்கள். இடதுகை மோதிர விரல் கொஞ்சம் தப்பித்திருந்தது. ஏழில் ஐந்து பேர் தேறினார்கள். மிச்சம் இரண்டு பேருக்கு ஆர்எஃப்ஐடி அட்டை, மெஷின் அருகே காட்டினால் போதும். கார்டை இன்னொருவரிடம் கொடுத்துவிடுவார்களே என்றது ஆபீஸ். இரண்டு பேர்தானே, சூப்பர்வைசர் முகத்தைப் பார்த்தால் போதாதா என்றார்கள் இவர்கள்.

கடைசி மாற்றம் பணியாளர்கள் கேட்டது. இந்தத் தடவை மாணவர்கள் அவர்களுடைய டீ நேரத்தில் போய் உட்கார்ந்து பேசினார்கள். அங்கே ஒருவர் கேட்டார்: "நாங்க வந்ததுக்கு எங்க கையில என்ன இருக்கும்?" மாசக் கடைசியில் காண்ட்ராக்டர் சொல்கிற நாள்கணக்கும் இவர்கள் மனசில் வைத்திருக்கிற கணக்கும் பல தடவை ஒத்துப்போனதில்லையாம். இத்தனை மாசமாகக் காண்ட்ராக்டரின் நோட்டை நம்பாத ஆபீஸ் ஒரு பக்கம். அதே நோட்டை நம்பாத பணியாளர்கள் இன்னொரு பக்கம். மெஷின் ஆபீசுக்கு மட்டும் பதில் சொல்லிக்கொண்டிருந்தது. விரல் வைத்ததும் திரையில் "இந்த மாதம் 17" என்று நாள் எண்ணிக்கை வரும்படி செய்தார்கள். எல்லா மாற்றத்திலும் எளிதானது இதுதான், நாற்பது நிமிஷ வேலை. முதல் நாள் அந்த எண்ணைப் பார்க்கவே சிலர் இரண்டு தடவை விரல் வைத்தார்கள்.

பிறகு

வைவாவில் வெளியிலிருந்து வந்த எக்ஸ்டர்னல் எக்ஸாமினர், அக்யூரசி எவ்வளவு என்று கேட்டார். மாணவர்களின் விரலுக்கு ஒன்று, பணியாளர்களின் விரலுக்கு ஒன்று என்று இரண்டு எண் சொன்னார்கள். சராசரி போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்குமே என்றார் அவர். போட வேண்டாம் என்று முடிவு செய்தோம் சார் என்றாள் ஒருத்தி. மார்க்கு நன்றாகவே வந்தது.

அதே முதல் கேள்வியை மறுபடி கொடுத்து எழுதச் சொன்னேன். மூன்று தாள்களில் ஏழு மணி, பஸ்ஸர், 5 என்ற எண் என்று பெயர் சொல்லி எழுதியிருந்தார்கள். கோடிங் பையன் மட்டும் வேறு மாதிரி எழுதினான். கேட்டதைச் சரியாகச் செய்வதுதான் இன்ஜினியர் வேலை, தன் தப்பு கேட்காததைச் செய்தது. கம்பெனியில் போய் ஒவ்வொரு எண்ணுக்கும் யார் பக்கம் என்று கேட்டால் வேலையில் வைத்திருக்க மாட்டார்கள் என்று. அதோடு எனக்கு உடன்பாடில்லை. பொய் என்றும் சொல்ல முடியவில்லை. மெஷின் மாட்டியபின் முதல் ஆறு வாரமும் தினம் காலையில் பஸ் வரும் வரை வாசலில் நின்றவன் அவன்தான்.

மே மாதம் நிர்வாகம் கடையில் கிடைக்கும் முகப் பதிவு மெஷின் ஒன்றை வாங்கி மாட்டியது. எங்களுடையதைக் கழற்றிக் கொடுத்துவிட்டார்கள். புதியதில் நாள் எண்ணிக்கை வராது. எங்கள் வேண்டுகோளுக்குப் பிறகு மாதக் கடைசியில் வருகைப் பட்டியலை ஓய்வறைச் சுவரில் ஒட்டுகிறார்கள். சில மாதம் ஒட்டுவதில்லை.

அடுத்த தடவை மாற்றுவது

முதலில் அந்தப் பத்து நிமிஷம். தலைப்பை ஒத்துக்கொள்ளும் முன் அணியை ஒரு காலை ஆறே முக்காலுக்கு அந்த வாசலுக்கு அனுப்பியிருந்தால் பஸ்ஸும் தெரிந்திருக்கும், விரல்களும் தெரிந்திருக்கும். இப்போது களம் போய் வராமல் ஜீரோத் ரிவ்யூ கிடையாது.

சம்மதம். பதிவு எடுப்பதற்கு எஸ்டேட் ஆபீஸின் கடிதத்தை வாங்கினோம், 26 பேரிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் வேண்டாம் என்று சொல்லும் நிலையில் அவர்கள் இல்லை. இதற்கு எனக்கு இன்னும் நல்ல வழி கிடைக்கவில்லை. குறைந்தபட்சம், சோதனைப் பதிவு கூலியைத் தொடாது என்பதை ஆபீஸிடமும் காண்ட்ராக்டரிடமும் முன்கூட்டியே எழுத்தில் வாங்கியிருக்க வேண்டும்.

சோதனைக்கு வகுப்பு நண்பர்களின் விரல் போதும் என்று நான் இனி ஒத்துக்கொள்வதில்லை.

பிஓ அட்டவணையை நான் மாற்ற முடியாது. ஜீரோத் ரிவ்யூ படிவத்தில் மட்டும் ஒரு வரி சேர்த்திருக்கிறேன்: "கருவி தப்பு செய்தால் யாருக்கு நஷ்டம்?" இந்த வருஷம் என்னிடம் ஐந்து அணிகள். மூன்று அணிகள் அந்தக் கட்டத்தில் "நில்", அதாவது ஒன்றுமில்லை, என்று எழுதிக் கொடுத்தன. மூன்றையும் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.